உள்வாடகைக்கு ஒரு கம்ப்யூட்டர்

அத்தியாயம் 4

கம்ப்யூட்டர் இருந்த கண்ணாடி அறைக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். காஜா கழற்றினான். துபாயில் எட்டு மாதம் வேலை பார்த்ததற்கு அடையாளமாக அவனிடம் மிஞ்சியிருந்தது அந்தச் செருப்பு ஒன்றுதான். வெளியே ஜாதகத்துக்காகக் காத்திருந்த கூட்டத்தை நம்பி அதை விட்டுவர மனசில்லாமல் கதவோரம் தள்ளி வைத்தான்.

"அக்கா, சாமி எந்தப் பக்கம் இருக்கு? கும்பிட்டுட்டு நிக்கலாம்லா?"

"ஏலே, வாய மூடிக்கிட்டு காதத் தொற," என்றாள் குழல்வாய்மொழி.

அவளுக்கு நாற்பது வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பல வருடம் டிரங்கால் போட்டுக் கொடுத்தவள். ஊரார் பேச்சைக் கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் குரல் வழுக்குகிறது என்று கண்டுகொள்ளும் வித்தை கைவந்துவிட்டது. அதை வைத்தே பிழைக்கலாம் என்று வேலையை விட்டுவிட்டு, தென்காசியில் ஒரு புரோட்டாக் கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தாள். பெயர் நீளத்துக்கு விசிட்டிங் கார்டில் இடம் போதாததால், 'துப்பறியும்' என்பதை அச்சகத்துக்காரர் 'துப்.' என்று சுருக்கிவிட்டார். அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தபோது காஜா செய்த முதல் வேலை, கார்டு வாங்கியவர்களிடம் அது என்ன துப் என்று விளக்கியதுதான்.

இன்றைய கட்சிக்காரர் ஜோதிடர் கணபதிசுப்பிரமணியன். 1989-ஆம் வருடக் குற்றால சீசனில், ஐந்தருவிக்கு அடுத்தபடியாகக் கூட்டம் அலைமோதிய இடம் தென்காசியில் அவருடைய கம்ப்யூட்டர் ஜோதிட நிலையம்தான்.

"எல்லாம் போச்சும்மா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார் ஜோதிடர். திருநீறு உதிர்ந்தது. "என் ஆயுசு பூரா சேத்த ஜோசியத்த நானே புரோகிராமா எழுதி இந்தப் பெட்டிக்குள்ள வச்சிருந்தேன். சம்பளத்துக்கு இருந்த பிள்ள, மெஹர் பானு, நேத்து ஞாயித்துக்கிழமை மொத்தத்தையும் தொடச்சுட்டா. அவளுக்குத் திருவனந்தபுரத்துல வேலை கெடச்சிருக்கு. நாளக்கழிச்சு புதன்கிழமை அங்கன சேரணுமாம். போறவ எனக்கு மொட்டையும் போட்டுட்டுப் போறா."

"நீங்களே எழுதினியளா அண்ணாச்சி?"

"நான் சொன்னேன், அவ தட்டினா. ரெண்டும் ஒண்ணுதான். அதுல பாருங்க, ராகு காலத்துல என் கம்ப்யூட்டர் ஜாதகம் குடுக்காது. 'ராகு காலம், பொறவு வரவும்'னு எழுத்து வந்து நின்னுரும். இந்தியாவுலயே இப்படி ஆசாரமான மிஷினு கெடையாது."

அவர் கையில் வாட்ச் இல்லை. சுவரிலும் கடிகாரம் இல்லை. காஜா அங்குமிங்கும் பார்ப்பதைக் கவனித்து, "சூரியனப் பாத்து நாழிகை சொல்லுத பரம்பரை தம்பி நாங்க. கடிகாரம் எதுக்கு?" என்றார் பெருமையாக.

வெளியே சாரல் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக மலையும் தெரியவில்லை, சூரியனும் தெரியவில்லை. சூரியனுக்கே லீவு விட்ட ஊரில் இவருக்கு யார் மணி சொல்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டான் காஜா. சொல்லவில்லை. கட்சிக்காரர் காபி வாங்கிக் கொடுத்திருந்தார்.

"எப்பத் தொடச்சிருப்பான்னு நெனைக்கீய?" என்று கேட்டாள் குழல்வாய்மொழி.

"நெனைக்க என்ன இருக்கு? மூணே முக்காலுக்கு."

"நீங்க அப்ப எங்கன இருந்தீய?"

"குத்தாலத்துல குளிச்சு, சாப்பிட்டு, சிநேகிதர் வீட்டுல நல்லாக் கண்ணசந்துட்டேன். முழிச்சு நேரா இங்கன பெரிய கோயிலுக்கு வந்தவன், பள்ளியறை பூஜை வரைக்கும் உக்காந்திருந்தேன். இந்தப் பக்கமே வரல. காலைல வந்து பாத்தா மிஷினு செத்துக் கெடக்கு."

"பொறவு மூணே முக்கால்னு எப்படித் தெரியும்?"

ஜோதிடர் வாயைத் திறந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிரசன்னம் போட்டுப் பாத்தேன்," என்றார் பிறகு. "நான் கொடுமைக்காரன் இல்லம்மா. இன்னிக்குச் சாயங்காலம் நல்ல நேரத்துல ஸ்டேஷனுக்குப் போகப்போறேன். அதுக்குள்ள அவள ஒத்துக்க வைங்க. ரெண்டு வருசம் இங்கனயே இருந்து புரோகிராமத் திரும்ப எழுதிக் குடுத்தான்னா, கேஸு கீஸு ஒண்ணும் வேண்டாம். மன்னிச்சிருதேன்."

மன்னிப்பதற்கு இவ்வளவு தயாராக ஒரு மனிதரைக் காஜா அதுவரை பார்த்ததில்லை.

* * *

மெஹர் பானுவின் வீட்டில் அவளுடைய உம்மா ஜாஹிரா பீவி சாயா கொடுத்துவிட்டு வாசல் கதவைச் சாத்தினார். தெருவில் அதற்குள் பேச்சு பரவிவிட்டது. மெஹர் பானுவுக்கு இருபத்துநாலு வயது. அழுது முடித்து, இனி அழக் கூடாது என்று முடிவு செய்த முகம்.

"காலைல முன் ரூம்ல அத்தன ஜனம் இருக்கச்சே, 'திருடி'ன்னு சொல்லிட்டாரு. வேலை போனாப் போகட்டும் அக்கா. இந்தப் பேரத் தூக்கிக்கிட்டு நான் எந்த ஊருக்குப் போவேன்? போலீஸ் கேஸுன்னு தெரிஞ்சா திருவனந்தபுரத்துல வாசல்படி ஏத்துவாங்களா?"

"நேத்து எப்பக் கெளம்பின?"

"அஞ்சு மணிச் சங்கு ஊதினதுக்குப் பொறவு. கடைசியா வாசுதேவநல்லூர் ஆச்சி ஒருத்தங்களுக்கு ஜாதகம் அடிச்சுக் குடுத்தேன். உலகம்மாள்னு பேரு. சீசனுக்குக் குத்தாலத்துல வீடு எடுத்திருக்காங்க."

"போனது போனதுதானா? திரும்பக் கெடைக்காதா?"

மெஹர் பானு உம்மாவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "போனது உள்ள இருக்க கம்ப்யூட்டர்தான் அக்கா. வெளிய உள்ளது நல்லாத்தான் இருக்கு."

காஜா சாயாவை வைத்துவிட்டான். "ரெண்டா? நான் ஒரு பெட்டியத்தானே பாத்தேன்!"

"பெட்டி ஒண்ணுதான் அண்ணே. பம்பாய்க் கம்பெனி ஒண்ணு வேண்டாம்னு விட்டத ஜோசியர் வாங்கிட்டு வந்தாரு. அதுல யூனிக்ஸ்னு ஒரு சிஸ்டம்தான் ஓடும். ஜாதக புரோகிராம் டாஸ்னு வேற சிஸ்டத்துல எழுதினது. ஒண்ணுக்கு ஒண்ணு ஆகாது. அதனால யூனிக்ஸுக்குள்ளயே பொய்யா ஒரு கம்ப்யூட்டர உண்டாக்கி, அதுல டாஸக் குடி வச்சேன். டாஸுக்குத் தான் வேற ஒருத்தர் வீட்டுல இருக்கோம்னே தெரியாது. டிஸ்க்கு, மணி எல்லாம் தனக்குன்னு தனியா இருக்கதா நெனச்சுக்கிட்டு ஓடும்."

காஜா யோசித்தான். குற்றாலத்தில் சீசன் வந்தால் வீட்டுக்காரர்கள் முழு வீட்டையும் வாடகைக்கு விட்டுவிட்டுப் பின்கட்டில் முடங்கிக்கொள்வார்கள். வந்தவர்கள் ஏதோ தாங்களே கட்டிய வீடு மாதிரி காலை நீட்டிப் படுத்திருப்பார்கள்.

"அப்ப யூனிக்ஸு வீட்டுக்காரரு. டாஸு சீசனுக்கு வந்தவரு."

"அதேதான்! அழிச்சவங்க வந்தவரோட சாமானத்தான் அழிச்சிருக்காங்க. டாஸ் தன்னோடதுன்னு நெனைக்க முழு டிஸ்க்கும் யூனிக்ஸுக்கு ஒரு ஃபைல்தான். வாராவாரம் அத அப்படியே நகல் எடுத்து வீட்டுக்காரர் பின்கட்டுல போட்டு வச்சிருவேன். இப்பப் போயி ஒரு வரி அடிச்சாப் போதும், திரும்ப வந்துரும்."

"அட, அடிச்சுக் காட்ட வேண்டியதுதான?"

"காட்டினா என்ன சொல்லுவாரு அண்ணே? 'பாத்தியளா, ஒளிச்சு வச்சிருந்தா'ன்னுதான் சொல்லுவாரு."

நிரபராதி என்று காட்டக் கையில் இருக்கும் ஒரே சாட்சி, வெளியே எடுத்த மாத்திரத்தில் திருட்டுச் சாமான் ஆகிவிடும்.

"நீ போயி ஸ்கூட்டர எடு," என்று அவனை வெளியே அனுப்பினாள் குழல்வாய்மொழி. கேட்க வேண்டிய முக்கியமான கேள்வியை மட்டும் அவன் இல்லாதபோது கேட்பது அவள் வழக்கம். காஜா ஜன்னல் வழியாகப் பார்த்தான். மெஹர் பானு ஏதோ பதில் சொன்னாள். சொல்லும்போதே கண் விரிந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

* * *

உலகம்மாள் ஆச்சி இருந்த வீடு மெயின் அருவிக்குப் போகிற ரோட்டில் இருந்தது. ஆச்சி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, பழைய நாடாக் கட்டிலில் அரசாண்டுகொண்டிருந்தார்.

"வீடு நல்ல வீடு. வீட்டுக்காரன் இசக்கியப்பன்தான் சாவியக் குடுத்துட்டு எங்கன போனான்னு தெரியல."

பின்பக்கத் தட்டியிலிருந்து மீன் குழம்பு வாசனையும், ஓர் ஆளின் இருமலும் வந்தன. காஜா வாயைத் திறந்தான். குழல்வாய்மொழி அவன் காலை மிதித்தாள்.

"ஆச்சி, நேத்து ஜாதகம் வாங்கினியளே, எப்ப?"

"அஞ்சு மணிச் சங்கு ஊதிச்சுல்லா, அப்பத்தான் அந்த மிஷினு கரக் கரக்குனு அடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. மகனுக்கு வரன் பாக்குதோம். வாங்கி மடியில வச்சுக்கிட்டு பஸ் ஏறினேன்."

"ஞாயித்துக்கிழமை நாலரையிலருந்து ஆறு ராகு காலமாச்சே ஆச்சி!"

"எனக்கா சொல்லித் தாற? போயி, ஆறு மணி வரைக்கும் காத்திருந்து வாங்கணும்னுதான் உக்காந்தேன். அந்தப் பிள்ள கூப்பிட்டுக் குடுத்துட்டா. அந்த மிஷினு ராகு காலத்துல குடுக்காதுன்னு ஊரே சொல்லுது. அது குடுக்குன்னா ராகு காலம் இல்லன்னுதான அர்த்தம்? எனக்குத்தான் கெழம தப்பிட்டுன்னு இருந்துட்டேன்." ஆச்சி சட்டென்று நிமிர்ந்தார். "ஏன் கேக்கீய? மிஷினு கெட்டுப் போச்சாமே. அப்ப என் ஜாதகம் செல்லாதா? இருங்க, நானும் வாறேன்."

ஆச்சி சேலை மாற்றப் போன இடைவெளியில் காஜா குதித்தான். "அக்கா, முடிஞ்சது கதை! அஞ்சு மணிக்கு மிஷினு உசுரோட இருந்திருக்கு. மூணே முக்காலுக்குச் செத்துச்சுன்னு ஜோசியர் புளுகுதாரு!"

"புளுகுதவன் தனக்குத் தோதான நேரத்தச் சொல்லுவான்லே. மூணே முக்கால்னு சொன்னதால அவருக்கு என்ன லாபம்? சொல்லும்போது குரல் வழுக்கவே இல்ல. எப்படித் தெரியும்னு கேட்டப்பத்தான் வழுக்குச்சு."

"அப்ப?"

"மூணே முக்கால்னு அவரு நெசமாவே நம்புதாரு. அதான் எனக்கு இனிக்குது."

* * *

நிலையத்தின் முன் அறையில் கூட்டம் குறையவில்லை. மிஷின் பிழைத்துவிடும் என்று நம்பிக் காத்திருந்தவர்கள் பாதி, சண்டை வரும் என்று நம்பிக் காத்திருந்தவர்கள் பாதி. ஜோதிடர் வெள்ளை வேட்டி உடுத்து, போலீஸ் ஸ்டேஷனுக்குப் புறப்படத் தயாராக இருந்தார். மெஹர் பானுவும் உள்ளே வருவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஒத்துக்கிட்டாளா?"

"உக்காருங்க அண்ணாச்சி," என்றாள் குழல்வாய்மொழி. கண்ணாடிக் கதவை அகலத் திறந்து, அது மூடாதபடி காஜாவை அதன் மேல் சாய்ந்து நிற்கச் சொன்னாள்.

"ஏசி வெளிய போகுதும்மா!"

"ஏசி மட்டும் இல்ல, எல்லாம் வெளிய போகட்டும். மெஹர், நீ வெளிய உள்ளதக் காட்டு."

மெஹர் பானு நாற்காலியில் உட்கார்ந்து நாலைந்து எழுத்துகளைத் தட்டினாள். செத்துக் கிடந்த பெட்டியின் திரையில் பச்சை எழுத்துகள் வரிசையாக இறங்கின. ஜோதிடர் பாதி எழுந்துவிட்டார்.

"இதெப்படி? முழுசும் அழிஞ்சு போச்சே!"

"அழிஞ்சது உள்வாடகைக்கு இருந்தது அண்ணாச்சி. வீட்டுக்காரர் பத்திரமா இருக்காரு," என்றான் காஜா. ஜோதிடருக்குப் புரியவில்லை. முன் அறையில் குற்றாலத்துக்காரர் ஒருவருக்கு மட்டும் ஏதோ புரிந்து சிரித்தார்.

"ஆச்சிக்கு நேத்து அஞ்சு மணிக்கு இந்த மிஷினு ஜாதகம் குடுத்திருக்கு," என்றாள் குழல்வாய்மொழி. "அப்ப மூணே முக்காலுக்கு அழியல. மெஹர், ஞாயித்துக்கிழமையில உள்ள இருக்க கம்ப்யூட்டர்ல மணி எப்படி ஓடும்?"

"ரெண்டு மணி நேரம் பிந்தி ஓடும்."

"ஏன்?"

"ராகு காலத்துல ஜாதகம் குடுக்கக் கூடாதுன்னு அண்ணாச்சி எழுதச் சொன்னாங்க. எழுதினேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அருவியில குளிச்சிட்டு வாற கூட்டம் பூரா திரும்பிப் போச்சு. 'என்னமும் பண்ணி கூட்டம் போகாம நிப்பாட்டு, என்ன பண்ணினேன்னு எங்கிட்டச் சொல்லாத, எனக்குத் தெரியாண்டாம்'னு ஏசினாங்க. அதான் ஞாயித்துக்கிழமை மட்டும் உள்ள இருக்க மணியப் பின்னால தள்ளி வைப்பேன். வெளிய அஞ்சு ஆனா, உள்ள மூணுதான். அண்ணாச்சிக்குத் தெரியாண்டாம்னு சொன்னதால சொல்லல."

முன் அறையில் சலசலப்பு எழுந்தது. ஜோதிடர் இருமினார்.

"நேத்து அஞ்சு மணிக்குப் பொறவு இந்த ஊருல மூணே முக்கால்னு காட்டின எடம் ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள் குழல்வாய்மொழி. "இந்தத் திரை. அழிச்ச பொறவு அதுல மணி கெடையாது. அழிக்கதுக்கு முன்னால இதுக்கு எதுக்க உக்காந்திருந்த ஆளுக்குத்தான் மூணே முக்கால்னு தெரியும். சாரல் இருட்டு, சூரியன் இல்ல, கையில வாட்ச் இல்ல. மத்தியானத் தூக்கத்துல எந்திரிச்ச மனுசன், பிள்ள நேரத்தோட கெளம்பிட்டான்னு நெனச்சு, திரையில இருந்தத நம்பிட்டாரு."

"நான்தான் சொன்னேனே, பிரசன்னம் போட்டேன்னு!" என்று கத்தினார் ஜோதிடர். "பிரசன்னத்துல வந்தது மூணே முக்கால்!"

"சரி. அப்ப உங்க பிரசன்னம் ரெண்டு மணி நேரம் தப்பு."

அக்கா சத்தம் போடவில்லை. டிரங்கால் லைன் கிடைத்துவிட்டது, பேசுங்கள் என்று சொல்லும் பழைய குரலில்தான் சொன்னாள்.

"பிரசன்னம் போட்டீயன்னா உங்க ஜோசியம் தப்பு. ஜோசியம் தப்பில்லன்னா நீங்க இங்கன உக்காந்திருந்தீய. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி."

உலகம்மாள் ஆச்சி கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். "அப்ப என் மகன் ஜாதகமும் ரெண்டு மணி நேரம் தப்பா ஜோசியரே? லக்னமே மாறிப் போகுமே!"

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. முன் அறையில் ஆளாளுக்கு மடியிலும் பையிலும் இருந்த காகிதங்களை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். போன மாதம் இங்கே பொருத்தம் பார்த்துப் பெண் கொடுத்தவர் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஜோதிடர் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு வாசுதேவநல்லூர் ஆச்சியைப் பார்த்தார். காஜாவுக்கு அந்த மனிதர் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

கணபதிசுப்பிரமணியன் எழுந்து, மேல்துண்டைச் சரிசெய்து, கதவு வரைக்கும் வந்தார்.

"ஜோசியம் தப்பாது!" என்று முழங்கினார். "எங்க பரம்பரையில பிரசன்னம் ஒரு நாளும் பொய்த்தது கெடையாது. நான் பிரசன்னமே போடல. நான் இங்கன வந்து உக்காந்து, என் கண்ணால திரையில மணியப் பாத்து, என் கையால அழிச்சேன்! அந்தப் பிள்ள திருடல. போதுமா?"

போதும் என்றுதான் பட்டது. "அதான பாத்தேன், ஜோசியம் எப்படித் தப்பும்?" என்று ஆச்சி நிம்மதியாகக் காகிதத்தை மடித்தார். கூட்டமே பெருமூச்சு விட்டது. தொழில் மானத்தைக் காப்பாற்ற ஒரு மனுசன் இவ்வளவு சத்தமாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு காஜா கேட்டதில்லை.

மெஹர் பானு தலையைக் குனிந்துகொண்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை கீ போர்டின் மேலேயே விழுந்தது. துடைத்துவிட்டு ஒரு வரி தட்டினாள். சற்று நேரத்தில் ஜாதக புரோகிராம், போன வாரக் கோலத்திலேயே, எதுவும் நடக்காதது போலத் திரையில் வந்து நின்றது.

"எதுக்கு அண்ணாச்சி இப்படிப் பண்ணினீய?" என்று கேட்டாள்.

"நீ போயிட்டா இத யாரு பாக்கது?" ஜோதிடர் குரல் இறங்கிவிட்டது. "பயந்து ரெண்டு வருசம் இருப்பேன்னு நெனச்சேன். அழிக்கதுக்கு முன்னால ஒரு பிளாப்பியில எடுத்து வச்சுக்கிட்டேன். பூஜ ரூம்ல, சாமி காலடியில பத்திரமா இருக்கு."

"சந்தனம் குங்குமம் வச்சா?" என்றான் காஜா.

"வைக்காம?"

மெஹர் பானு கண்ணை இறுக மூடித் திறந்தாள். இனி அந்தப் பிளாப்பியைச் சாமி மட்டும்தான் படிக்க முடியும்.

"அழிக்கத யாரு சொல்லித் தந்தா உங்களுக்கு?"

"நீதான். 'எத வேணும்னாலும் அடிங்க, இத மட்டும் அடிச்சிராதீய'ன்னு மொத நாளே சொன்னியே."

சொல்லிவிட்டு ஜோதிடர் திடீரென்று நின்றார். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். முகம் வெளுத்தது.

"ஏட்டி, திரையில மூணே முக்கால்னா... நெசத்துல?"

"அஞ்சே முக்கால்."

"ஞாயித்துக்கிழமை அஞ்சே முக்கால்!" அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பொய்ப் பழி, போலீஸ், ஊர்ச் சிரிப்பு எதுவும் அவரை இப்படி ஆட்டவில்லை. "நாலரைக்குள்ள முடிச்சிரணும்னு அவசர அவசரமா அடிச்சேனே... ராகு காலத்துலயா பண்ணித் தொலச்சேன்?"

அவர் கும்பிடாத குறையாக மெஹர் பானுவை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மாடி, அதுல பரிகாரப் பகுதி ஒண்ணு இருக்குல்லா? ராகு தோசத்துக்கு என்ன பண்ணணும்னு எனக்கு ஒண்ணு பாத்துச் சொல்லு."

மெஹர் பானு விரலைக் கீ போர்டில் வைத்தாள். தட்டவில்லை.

"பரிகாரப் பகுதிய யாரு எழுதினா அண்ணாச்சி?"

ஜோதிடர் முன் அறையைப் பார்த்தார். ஜனங்கள் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீதான்," என்றார்.

"மத்ததெல்லாம்?"

"அதுவும் நீதான்."

அவள் மேஜையிலிருந்து நிலையத்தின் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றையும் பேனாவையும் எடுத்துத் தரையில் அவர் முன் வைத்தாள்.

"அதான் பரிகாரம். எல்லாத்தையும் எழுதினது நான்தான்னு என் பேரப் போட்டு எழுதுங்க."

அவர் எழுதத் தொடங்கினார்.